மேகத்தின் மடியில் ஒரு பாடவேளை: ஹோர்ட்டன் சமவெளியில் எமது மாணவர்கள்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



மத்ரஸா மாணவர்களைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்வது குறித்து எமது சமூகத்தில் இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. ஒரு நாள் ஓதல் தடைப்பட்டால் மனனம் தளர்ந்துவிடும் என்பார் சிலர். பிள்ளைகள் கூண்டுக்குள்ளேயே வளர்கிறார்கள், வெளியுலகைக் காட்டுங்கள் என்பார் வேறு சிலர். இரு சாராரின் கவலையும் பிள்ளைகள்மீது கொண்ட அன்பினால் எழுவதே. ஆயினும் அல்குர்ஆன் பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்று பல இடங்களில் பணிக்கிறது. ஸூரத்துல் காஷியாவில் ஒட்டகத்தையும் வானத்தையும் மலைகளையும் பூமியையும் அடுத்தடுத்துச் சுட்டிக்காட்டி, இவற்றை நோக்க மாட்டார்களா எனக் கேட்கிறது. அந்த வசனங்களை எமது மாணவர்கள் தஜ்வீத் பிழையின்றி ஓதுவார்கள். ஆனால் அவர்களுள் பலர் ஒரு மலையை நின்று நிதானமாகப் பார்த்ததில்லை. மலைநாட்டிலேயே வாழ்ந்துகொண்டு மலையைப் பாராதிருப்பது ஒரு குறைதான்.

இந்த எண்ணத்தோடு, றமழானுக்கு முந்திய ஷஃபான் மாதத்துச் சனிக்கிழமையொன்றில், கண்டி மாவட்டத்திலுள்ள எமது அறபுக் கல்லூரியின் மாணவர்கள் முப்பத்தெட்டுப் பேரையும் ஆசிரியர்கள் நால்வரையும் ஏற்றிக்கொண்டு ஒரு பஸ் ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குப் புறப்பட்டது.

புறப்படுவதற்கு முந்திய வாரம் பெற்றோர் கூட்டம் ஒன்றை நடத்தினோம். குளிர், செலவு, பாதுகாப்பு என்று வழமையான கேள்விகள் எழுந்தன. இறுதியில், அதுவரை பேசாதிருந்த ஒரு தந்தை எழுந்து தயக்கத்தோடு கேட்டார்: "உஸ்தாத், புள்ளைகள் ஜுப்பா தொப்பியோடதான் போகணுமா? ஒரு நாளைக்கு காற்சட்டை சேர்ட்டோட போனா என்ன?"

மண்டபம் அமைதியாகிவிட்டது. அந்தக் கேள்வியின் பின்னால் இருந்தது என்னவென்று அங்கிருந்த அனைவரும் அறிவர். 2019 ஏப்ரல் 21 அன்று நிகழ்ந்த கொடுஞ்செயலை எமது சமூகம் ஒருமித்துக் கண்டித்தது. ஆயினும் அதன் பின்னர் அறபுக் கல்லூரி என்ற சொல்லின்மீதும் எமது பிள்ளைகளின் உடையின்மீதும் விழுந்த பார்வை இன்னும் முழுமையாக விலகவில்லை. அந்தத் தந்தை மார்க்கப் பற்றில் குறைந்தவர் அல்லர். தம் மகன் நெருடலான ஒரு பார்வைக்கு ஆளாவதைப் பொறுக்க இயலாதவர், அவ்வளவே. நாம் அவரிடம், தொப்பி கட்டாயமும் இல்லை, தடையும் இல்லை, அதை மாணவரே தீர்மானிக்கட்டும் என்றோம். ஜுப்பா அணிந்து ஒன்பது கிலோமீற்றர் நடப்பது கடினம் என்பதனால் எல்லோரும் காற்சட்டையும் கம்பளிச் சட்டையும் அணிவது என்று முடிவாயிற்று.

அதிகாலை இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். பயண துஆவை ஓதி முடித்ததும், ஏற்றத்தில் ஏறும்போது தக்பீரும் இறக்கத்தில் இறங்கும்போது தஸ்பீஹும் கூறுவது ஸஹாபாக்களின் வழக்கம் என்று ஜாபிர் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் அறிவிக்கும் செய்தியை மாணவர்களுக்கு நினைவூட்டினோம். புத்தகத்தில் படித்த அந்தச் செய்திக்கு றம்பொடை மலைப்பாதையின் கொண்டையூசி வளைவுகளில் உயிர் வந்தது. பஸ் ஏறும்போதெல்லாம் 'அல்லாஹு அக்பர்', தாழும்போதெல்லாம் 'ஸுப்ஹானல்லாஹ்'. இளம் பிள்ளைகள் அல்லவா? குரல்கள் உயர்ந்தன. அப்போது மற்றொரு ஹதீஸையும் சொல்ல நேர்ந்தது. இவ்வாறே பயணமொன்றில் ஸஹாபாக்கள் குரலை உயர்த்தியபோது, நீங்கள் அழைப்பது செவிடனையோ தூரத்தில் இருப்பவனையோ அல்ல என்று நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மென்மையாகத் திருத்திய செய்தி அது. பாதையோர வீடுகளில் மக்கள் உறங்கிக்கொண்டிருந்தனர். அதன் பின்னர் அந்தத் திக்ர் உதடுகளில் மட்டும் அசைந்தது.

நுவரெலியாப் பள்ளிவாசலில் ஸுபஹ் தொழுதோம். தொழுகையைச் சுருக்கும் சலுகை நான்கு ரக்அத் தொழுகைகளுக்கே உரியது, ஸுபஹுக்கும் மஃரிபுக்கும் இல்லை என்பதை அங்கேயே விளக்கினோம். அம்பேவெலயின் புல்வெளிகளைத் தாண்டி, நாட்டின் மிக உயரமான ரயில் நிலையம் அமைந்த பட்டிப்பொலயைக் கடந்து பூங்கா வாயிலை அடைந்தபோது விடிந்திருந்தது. புற்களின் நுனியில் உறைபனி வெண்மையாகப் படிந்திருந்தது. கிண்ணியாவிலிருந்து வந்து விடுதியில் தங்கி ஓதும் சிறுவன் ஒருவன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, யாரோ உப்புத் தூவியிருக்கிறார்கள் என்றான்.

வாயிலில் அதிகாரிகள் பைகளைச் சோதிப்பார்கள். பொலித்தீனையும் பிளாஸ்டிக் உறைகளையும் உள்ளே கொண்டு செல்ல விடமாட்டார்கள். பிஸ்கட்டின் உறையைப் பிரித்துக் காகிதப் பைக்கு மாற்றுவார்கள், தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கும் பெயர்த்தாளைக்கூடக் கிழித்தெடுப்பார்கள். இதை முன்பே அறிந்திருந்ததால் லன்ச் ஷீட் வேண்டாம், வாழையிலையில் சோறு கட்டித் தாருங்கள் என்று தாய்மார்களைக் கேட்டிருந்தோம். ஆயினும் பைகளைத் திறக்கும் வரிசையில் நிற்கையில், பெற்றோர் கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்தத் தந்தையின் மகன் எம் அருகில் வந்து, "தொப்பியக் கழட்டி வெக்கட்டா உஸ்தாத்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான். சோதனை என்றதும் அவன் உள்ளம் வேறெங்கோ சென்றுவிட்டது. முன்னால் நின்ற சிங்களக் குடும்பத்தினரின் பைகளையும், அவர்களுக்கு முன்னால் நின்ற வெளிநாட்டவர்களின் பைகளையும் அதே அதிகாரி அதே விதமாகத் திறந்து பார்த்ததை அவனுக்குச் சுட்டிக்காட்டினோம். இங்கே தேடப்படுவது பொலித்தீன்தான் மகனே என்றோம். அவன் சிரித்தான். தொப்பி தலையிலேயே இருந்தது. முதிய அதிகாரி எமது பைகளில் வாழையிலைப் பொதிகளைக் கண்டதும், "ஹொந்தய் புத்தா, ஹொந்தய்" என்று அவனுடைய தோளில் தட்டினார்.

1834இல் ஆங்கிலேயர் தம் ஆளுநர் ரொபர்ட் வில்மட் ஹோர்ட்டனின் பெயரைச் சூட்டிய இந்தச் சமவெளியைச் சிங்கள மக்கள் மஹ எலிய என்பர். 1988இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இது, 2010 முதல் உலக மரபுரிமையாகிய மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாகவும் விளங்குகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீற்றருக்கு மேலே அமைந்த இந்நிலத்தில் புல்வெளியும் குட்டையான மேகக் காடும் மாறி மாறி வருகின்றன. காட்டு மரங்களின் கிளைகளில் பாசி தாடிபோலத் தொங்குகிறது. மேகம் அந்த மரங்களுக்கிடையே நுழையும்போது இலையும் பாசியும் அதன் ஈரத்தைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறக்குகின்றன. மழை பெய்யாத நாளிலும் அந்த மண் நீரைச் சேர்க்கிறது.

இங்கேதான் மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் ஊறுகிறது. ஓர் ஓடையின் அருகே மாணவர்களை அமரச் செய்து இதைச் சொன்னோம். களனி ஆறு தலைநகரின் தாகத்தைத் தணிக்கிறது. வளவை ஆறு தெற்கே உலர்வலய வயல்களுக்குப் பாய்கிறது. மகாவலியோ கண்டியை வளைந்து சென்று, நாட்டின் மிக நீண்ட ஆறாக 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. மூதூரும் கிண்ணியாவும் அந்தப் பக்கத்து ஊர்கள். உறைபனியை உப்பென்ற சிறுவன் அப்போது, "அப்ப எங்கட ஊர்ப் பக்கம் வாற தண்ணியும் இங்கயிருந்துதானா?" என்று கேட்டான். ஆம் என்றோம். அவன் ஓடையில் கை வைத்துச் சிறிது நேரம் அப்படியே இருந்தான். வானிலிருந்து நீரை இறக்கி அதைப் பூமியில் தங்கச் செய்ததைப் பற்றிய இறைவசனங்களுக்கு நாம் வகுப்பில் எத்தனையோ முறை விளக்கம் கொடுத்திருக்கிறோம். அந்தச் சிறுவனின் ஈரமான கை அவற்றுக்கு மற்றொரு விளக்கம்.

காட்டின் சில இடங்களில் மரங்கள் நின்றபடியே பட்டுப்போயிருந்தன. மேகக் காட்டின் இந்த நோவைப் பல்லாண்டுகளாக ஆய்வாளர்கள் கவனித்து வருகின்றனர். மரம் பட்டுப்போனால் மேகத்தைப் பிடிக்கும் கை ஒன்று குறைகிறது. அந்தக் குறைவு என்றோ ஒரு நாள் கொட்டியாரக் குடாவரை தெரியவரும்.

உலகமுடிவு என்னும் செங்குத்துப் பாறை விளிம்பை ஒன்பது மணிக்கு முன்னரே அடைந்துவிட வேண்டும், பிந்தினால் மூடுபனி மறைத்துவிடும் என்பது அங்கு செல்வோர் அறிந்த செய்தி. எட்டரை மணிக்கு நாம் அங்கு இருந்தோம். எண்ணூறு மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில், கீழே தேயிலைத் தோட்டங்களும் சிற்றூர்களும் பாதைகளும் தெரிந்தன. ஆசிரியர்கள் நால்வரும் விளிம்புப் பக்கமாக நின்றுகொண்டு, பத்துப் பத்துப் பேராக மாணவர்களை முன்னே வரவிட்டோம். எவரையும் எல்லை கடக்க விடவில்லை. பேச்சு தானாகவே ஓய்ந்தது. ஒருவன் மட்டும், "மலைகள முளைகள்னு அல்லாஹ் சொன்னது இப்பதான் விளங்குது" என்றான். சிறிது நேரத்தில் பள்ளத்திலிருந்து வெண்மேகம் எழுந்து அனைத்தையும் மூடியது. அடுத்துப் பேக்கர் நீர்வீழ்ச்சிக்குச் சென்றோம். அந்தப் பெயருக்குரிய சாமுவேல் பேக்கர் இம்மலைகளில் வேட்டையாடியவர். ஒரு காலத்தில் இச்சமவெளியில் யானைகள் திரிந்தன, இன்று ஒன்றும் இல்லை என்றபோது மாணவர்கள் நம்ப மறுத்தார்கள்.

திரும்பி வந்து வாகனத் தரிப்பிடத்தை அடைந்ததும் ஒரு விவாதம் எழுந்தது. மரை ஒன்று மனிதர்களுக்கு அஞ்சாமல் வண்டிகளுக்கிடையே நின்றது. மாணவன் ஒருவன் தன் பிஸ்கட்டை நீட்டப் போனான். உணவு கொடுக்கத் தடை என்று அறிவிப்புப் பலகை இருப்பதைக் காட்டித் தடுத்தோம். அவன் விடவில்லை. தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவருக்கு மன்னிப்புக் கிடைத்த ஹதீஸை நீங்கள்தானே ஓதித் தந்தீர்கள் என்றான். நல்ல கேள்வி. அந்த நாய் தாகத்தால் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்தது, அதற்கு நீர் தேவைப்பட்டது. இந்த மரையைச் சுற்றி அல்லாஹ் புல்வெளியை விரித்து வைத்திருக்கிறான். நாம் கொடுக்கும் பிஸ்கட் அதன் பசிக்கு உதவுவதில்லை. மாறாக அதைப் புல்லை மறக்கச் செய்து, வண்டிச் சக்கரத்தின் அருகே கொண்டு வந்து நிறுத்துகிறது. இரக்கம் என்பது நமது மனம் குளிர்வது அல்ல, எதிரே நிற்கும் உயிருக்கு நன்மை விளைவது. இதைச் சொல்லும்போது, பெற்றோர்களே, நமது பிள்ளைகளின் நினைவும் எமக்கு வந்தது. கேட்டதையெல்லாம் உடனே கையில் கொடுத்துவிட்டு அதை அன்பு என்று எண்ணுகிறோமே!

லுஹர் நேரம் வந்தது. கண்டிப் பக்கத்திலிருந்து ஹோர்ட்டன் சமவெளி நூறு கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். ஷாஃபிஈ மத்ஹபின்படி இது தொழுகையைச் சுருக்கவும் சேர்த்துத் தொழவும் அனுமதிக்கும் பயணம். லுஹரை முற்படுத்துவது, அதனை முடிக்குமுன் சேர்த்துத் தொழும் எண்ணம் கொள்வது, இரண்டுக்குமிடையே நீண்ட இடைவெளி விடாதிருப்பது ஆகிய நிபந்தனைகளை மாணவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். வுழூவுக்காகக் குழாயைத் திறந்துவிடாமல் ஒவ்வொருவரும் ஒரு போத்தலில் முக்கால் லீற்றர் நீர் மட்டும் எடுத்தார்கள். நபியவர்கள் ஒரு முத் அளவு நீரில் வுழூச் செய்தார்கள் என்று ஸஹீஹான ஹதீஸ்களில் வந்துள்ளது. முத் என்பது ஏறத்தாழ அரை லீற்றருக்கும் முக்கால் லீற்றருக்கும் இடைப்பட்ட அளவு. பனிபோன்ற அந்த நீரில் முப்பத்தெட்டுப் பேரும் மும்மூன்று முறை கழுவி முடித்தார்கள். பலருடைய போத்தலில் நீர் எஞ்சியிருந்தது.

தொழ ஓர் இடம் கேட்டபோது, பூங்கா அலுவலர் ஒருவர் கட்டடத்தின் பின்னால் காற்றுப் படாத ஒரு புல்தரையைக் காட்டினார். பாய்களை விரித்து, தாழ்ந்த குரலில் இகாமத் சொல்லித் தொழுதோம். சற்றுத் தொலைவில் சிங்களப் பாடசாலையொன்றின் மாணவர்கள் உணவருந்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய ஆசிரியை கையசைத்து அவர்களின் சத்தத்தைக் குறைத்தார். அதே வேளையில், வண்டியொன்றின் அருகே நின்ற இளைஞர் ஒருவர் கைபேசியை உயர்த்தி நாம் ஸுஜூதில் இருந்ததைப் படம் பிடித்தார். பின்வரிசையில் நின்ற எமது ஆசிரியர் அதைக் கண்டார். ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது அந்த வண்டி புறப்பட்டிருந்தது.

அந்த ஆசிரியை எம்மிடம் வந்து, நீங்கள் வழமையாக இதைவிட நீளமாகத் தொழுவீர்கள் அல்லவா என்று சிங்களத்தில் கேட்டார். அவருடைய அயலவர்கள் முஸ்லிம்களாம். விடை சொல்ல முன்வந்தவன், காலையில் தொப்பியைக் கழற்றவா என்று கேட்ட அதே மாணவன். எமது வகுப்பில் சிங்களம் தடையின்றிப் பேசக்கூடிய சிலருள் அவனும் ஒருவன். பயணிக்கு அல்லாஹ் சுமையைக் குறைத்திருக்கிறான் என்று அவன் விளக்கினான். அருகே வந்த சிறுவர்கள், ஸ்ரீபாத மலையை நீங்கள் ஏன் ஆதமின் மலை என்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஆதம் அலைஹிஸ்ஸலாம் பூமியில் இறக்கப்பட்ட இடத்தைக் குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை, ஆனால் அறபுப் பயணிகள் அந்த மலையோடு அவரை இணைத்துப் பேசி வந்தார்கள், இப்னு பதூதா 1344இல் அதன்மீது ஏறினார் என்று நாம் சொல்ல, அவன் மொழிபெயர்த்தான். மற்ற மாணவர்கள் சுற்றி நின்றார்கள். சிலருக்குச் சொல்ல நிறைய இருந்தது, மொழிதான் இல்லை. அறபு இலக்கணத்தில் தேர்ந்த பிள்ளைகள் அடுத்த வீட்டாரின் மொழியில் இரண்டு வசனம் பேசத் தடுமாறுவது எமது பாடத்திட்டம் நிரப்ப வேண்டிய ஓர் இடைவெளி. ஒவ்வொரு தூதரும் தத்தம் சமூகத்தாரின் மொழியிலேயே அனுப்பப்பட்டார் என்பதை ஓதும் நாம் இதை இலகுவாக எடுத்துக்கொள்ளலாகாது.

திரும்பும் வழியில் அந்தக் கைபேசிப் படத்தைப் பற்றி மூத்த மாணவர்கள் பேசினார்கள். அது எங்கே போகும், அதன்கீழ் என்ன எழுதப்படும் என்று ஒருவன் கேட்டான். எமக்குத் தெரியாது என்பதே எமது விடை. ஒருவேளை அவர் அழகென்று கருதி எடுத்திருக்கலாம், வேறு நோக்கமும் இருந்திருக்கலாம். நல்லெண்ணம் கொள்வது நமது கடமை. அதற்கு மேல், அந்தப் படத்தில் இருப்பது என்ன என்று யோசியுங்கள் என்றோம். ஒழுங்கான வரிசை, ஒரு துண்டுக் குப்பையும் இல்லாத புல்தரை, ஓசையில்லாத தொழுகை. பார்ப்பவர் கண் நமது அதிகாரத்தில் இல்லை. பார்க்கப்படும்போதும் படாதபோதும் ஒரே விதமாக இருப்பது நமது அதிகாரத்தில் உள்ளது. இஹ்ஸான் பற்றிய பாடத்தின் சாரமும் அதுவே. எல்லா மாணவர்களுக்கும் மனம் ஆறியதா என்றால் அப்படிச் சொல்ல இயலாது. கேள்வி கேட்டவன் நுவரெலியா வரும்வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் வயதில் அந்தச் சுமை பெரிது. பெரியவர்களாகிய நாம் அது இல்லாததுபோல் நடிக்காமல், அவர்களோடு அமர்ந்து பேச வேண்டும்.

இத்தகைய பயணத்தை ஏற்பாடு செய்ய விரும்பும் மத்ரஸாக்களுக்கும் குடும்பங்களுக்கும் சில வார்த்தைகள். ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்கள் ஏற்றவை. விடியும்போது வாயிலில் இருங்கள். குளிருக்குத் தடித்த மேற்சட்டையும், பனி விலகியதும் சுடும் வெயிலுக்கு நீரும் தேவை. உணவை இலையிலும் காகிதத்திலும் கட்டுங்கள். வுழூவுக்கு ஆளுக்கொரு போத்தல் எடுத்துச் செல்லுங்கள். கஸ்ர், ஜம்உ சட்டங்களை முந்திய நாளே பாடமாக நடத்துங்கள். விளிம்புகளில் பிள்ளைகளுக்கும் பள்ளத்துக்கும் இடையே பெரியவர்கள் நில்லுங்கள்.

பயணத்துக்குப் பின் எமது ஹவ்ழின் ஓரத்தில் சில போத்தல்கள் வரிசையாக நிற்கின்றன. யாரும் கட்டளையிடவில்லை. எல்லா மாணவர்களும் அப்படிச் செய்வதில்லை, ஆனால் சிலர் செய்கிறார்கள். பெண்கள் பகுதி மாணவியரோ வேறொரு கேள்வியோடு கடிதம் அனுப்பியிருக்கிறார்கள்: ஸூரத்துல் காஷியாவை நாங்களும் ஓதுகிறோமே, எங்களுக்கு எப்போது? நியாயமான கேள்வி. பெருநாளுக்குப் பின்னர், தாய்மார்களும் ஆசிரியைகளும் உடன்வர அவர்களுக்கும் ஒரு பயணம் அமைக்க ஆசிரியர் குழு இணங்கியுள்ளது. இன்ஷா அல்லாஹ்.

யா அல்லாஹ்! எமது பிள்ளைகளின் கண்களுக்கு உனது அத்தாட்சிகளைக் காட்டுவாயாக. அவர்களின் உள்ளத்திலிருந்து அச்சத்தை நீக்கி, நீ எமக்கு அளித்த இந்த நாட்டில் அனைவரோடும் கண்ணியமாக வாழச் செய்வாயாக. உனது நீரை வீணாக்காதவர்களாக எம்மை ஆக்குவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.